இறங்கி வந்த மூவர்

நீதிபதிகள் மூவரும் மேடையிலிருந்து இறங்கி வந்தார்கள்.

முதலில் எதிர்த்தரப்பு வக்கீல் ஹேலிக்குக் கை கொடுத்தார்கள். பிறகு எனக்கு. "நன்றாகப் பேசினீர்கள்" என்று மூத்தவர் எங்கள் இருவரிடமும் ஒரே தொனியில் சொன்னார்.

ரிச்மண்ட் நீதிமன்றத்தில் இது வழக்கம். மேல்முறையீட்டில் வாதம் முடிந்ததும் நீதிபதிகள் இறங்கி வந்து இரு தரப்பு வக்கீல்களுக்கும் கை கொடுப்பார்கள். ஜெயிக்கப் போகிறவனுக்கும் அதே கைதான், தோற்கப் போகிறவனுக்கும் அதே கைதான்.

அன்று ஜெயிக்கப் போகிறவன் நான். அரசு வக்கீல்.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. போன மாதம் இதே நீதிமன்றத்தின் வேறு மூன்று நீதிபதிகள், வேறு ஒருவனுடைய வழக்கில், இதே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். போலீஸ் வாரன்ட் இல்லாமல் கார் டிக்கியைத் திறந்து பார்த்தது செல்லும் என்று தீர்ப்பு. மூவர் சொன்னதை இன்னொரு மூவர் மாற்ற முடியாது. ஆகவே ஹேலியின் கட்சிக்காரன் ரோட்னி பாய்கின் இன்னும் ஒன்பது வருடம் உள்ளேதான் இருக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பு வந்த அன்றே ஹேலிக்குப் போன் செய்தேன். பேச இனி என்ன இருக்கிறது, எழுதிக் கொடுத்ததோடு விட்டுவிடலாமே என்றேன்.

"முடியாது. என் கட்சிக்காரர் வாதம் வேணும்ங்கிறார்" என்றாள்.

வெட்டி வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். அதற்காக ஒரு வாரம் உட்கார்ந்து தயார் செய்ய வேண்டியிருந்தது. எரிச்சல்தான்.

கடைசி வரிசையில் ரோட்னியின் அப்பா சக்கர நாற்காலியில் இருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் கோட்டு, இப்போது அவருக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது. நீதிபதிகள் ஹேலியின் கையைப் பிடித்தபோது அவர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாத்தியா ஒலீட்டா! எறங்கி வந்து கை குடுக்குறாங்க பாரு! ஜெயிச்சுட்டோம்டி!"

"பாத்தேன், வெர்னல். கத்தாத, மூச்சு வாங்கும்."

வெளியே நடைக்கூடத்தில் அவர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். போனேன். என் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். உள்ளங்கையில் ஏதோ உறுத்தியது. ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்.

"மனசை விட்டுடாத தம்பி. நீயும் நல்லாத்தான் பேசுன. நியாயம் எம்மவன் பக்கம் இருந்துச்சு, அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

நான் ஹேலியைப் பார்த்தேன். அவள் தன் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு நோயாளியை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உட்காரவைத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள், விஷயம் இன்னது என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. தீர்ப்பு வரும் நாளில் இந்த மனிதர் என்ன ஆவார்?

லிஃப்ட் வரை ஒலீட்டா என்னுடன் நடந்து வந்தார். சரி, நானே சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, அந்தக் கைகுலுக்கல் வந்து..."

"தெரியும்" என்றார். "சும்மா ஒரு மரியாதை. எல்லாருக்கும் குடுப்பாங்க. ஹேலி எல்லாத்தையும் சொல்லிட்டா. போன மாசம் வந்த தீர்ப்பு, நாங்க தோக்கப் போறது, எல்லாம்."

நான் நின்றுவிட்டேன்.

"அவ ஜெயில்ல போய் ரோட்னிகிட்டச் சொன்னப்ப அவன்தான் கேட்டானாம், அப்ப ஜட்ஜுங்க கை குடுக்குறது மட்டும் உண்டான்னு. வாதம் நடந்தா உண்டுன்னு சொல்லியிருக்கா. 'அப்ப வாதம் நடக்கட்டும், அப்பாவைக் கூட்டிட்டு வந்து அதைக் காட்டச் சொல்லுங்க'ன்னான்."

லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடிக்கொண்டு போய்விட்டது.

அவர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இவரு கிறிஸ்துமஸ் வரைக்கும் இருந்தாலே பெரிசுங்கறார் டாக்டர். அதுக்குள்ள தீர்ப்பு வந்துடுமா?"

அக்டோபர் பாதிகூட ஆகவில்லை. இப்படிப்பட்ட வழக்குக்கு இரண்டு பக்கம் போதும். மாதம் முடிவதற்குள் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

"கொஞ்சம் மெதுவா வரச் சொல்ல முடியுமா, சார்?"

மகன் சிறையில் இருக்கும் எந்தத் தாயும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

"நாளாகும்மா" என்றேன். "இவங்க எதுலயும் அவசரப்படுற ஆளுங்க இல்ல. அடுத்த வருஷம்தான் வரும்."

நீதிபதிகள் முன்னால் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இது லிஃப்ட் வாசல்.

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு கையை நீட்டினார். நானும் கொடுத்தேன்.

கூடத்தின் மறுமுனையில் வெர்னல் வாசல் காவலரைக் கூப்பிட்டு நிறுத்தி, அவருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.