படிவத்தின் பொடி எழுத்து

"இந்தப் படிவம் பொய்ம்மா!"

சத்தமாகச் சொல்லிவிட்டு, ஆபீஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பார்த்தது. பரம திருப்தி.

போர் விதவைகள் ஓய்வூதியப் பிரிவில் எனக்கு 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். கிண்டலுக்கு வைத்தார்கள். நான் விருதாக எடுத்துக்கொண்டேன். அப்பா போரில் இறந்ததால் கிடைத்த வாரிசு வேலை. 'ஓசியில் வந்தவன்' என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்று புள்ளி விடாமல் படிப்பேன்.

எதிரே இருந்த அம்மா, உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வருஷா வருஷம் வருகிறவர். நாற்பது வருஷமாக இந்த ஓய்வூதியம்தான் அவருக்குச் சோறு.

"என்ன தம்பி பொய்?"

"உங்க கல்யாணத்தைப் பதிஞ்ச படிவம். தேதி, வீட்டுக்காரர் சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. அடியில பொடி எழுத்தைப் பாருங்க. இந்தத் தாள் அச்சானதே அவர் செத்த அடுத்த வருஷம்!"

அந்த அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

"கல்யாணம் நிஜம் தம்பி. மூணு நாள் லீவுல வந்தார், வீட்டோட முடிச்சோம். மறுநாளே கூப்பிட்டுட்டாங்க. பதிய ஏது நேரம்? அப்புறம் பெட்டிதான் வந்துச்சு. வயித்துல புள்ளையோட இங்க வந்து அழுதேன். 'உயிரோட இருக்கும்போதே பதிஞ்சிருக்கணும்'னாங்க. ஒரு கிளார்க்கம்மாதான் பாவம் பார்த்து, பழைய தேதி போட்டு எழுதிக் குடுத்தாங்க."

"இங்கயே உட்காருங்க."

மதியச் சாப்பாட்டை மறந்து அலமாரிகளைக் குடைந்தேன். அதே கையெழுத்து, அதே பொடி எழுத்து. மொத்தம் பன்னிரண்டு கோப்பு! பதவி உயர்வு வாசலில் வந்து நிற்பது போலவே இருந்தது.

கண்காணிப்பாளர் மேடத்தின் மேஜையில் அடுக்கினேன்.

"பன்னிரண்டு பேருக்கும் நிறுத்திடலாம் மேடம்."

"அப்புறம் அவங்க எப்படிப் பொழைப்பாங்க?"

"பாவ புண்ணியம் பார்த்தா ஆபீஸ் நடத்த முடியுமா மேடம்?"

சொல்லும்போது கண்ணாடியை வேறு ஏற்றிவிட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

மேடம் பெருமூச்சு விட்டார்.

"பன்னிரண்டு இல்ல. பதிமூணு."

"சான்ஸே இல்ல மேடம். எல்லா அலமாரியும் பார்த்துட்டேன்."

"என் பீரோவைப் பார்க்கலையே?"

ஊழியர்களின் சொந்தக்காரர் கோப்புகள் அந்த பீரோவில்தான் இருக்கும். அவரவர் தொடக் கூடாது என்று விதி. மேடம் ஒரு கோப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அதே கையெழுத்து. அதே பொடி எழுத்து. மணமகன் என்ற இடத்தில் என் அப்பா பெயர். 'பிள்ளைகள்' என்ற கட்டத்தில் 'வயிற்றில் ஒன்று' என்று இருந்தது.

அந்த ஒன்று நான்தான்.

"என்ன, பதிமூணையும் நிறுத்திடலாமா?"

பன்னிரண்டு கோப்புகளையும் வாரிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த அம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு தம்பி?"

"ஒண்ணும் இல்லம்மா. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, மத்ததை நானே எழுதிக்கறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்தார்.

"உன்னைப் பெத்தவ நல்லா இருக்கணும்ப்பா."

"நல்லாத்தான் இருக்காங்கம்மா, அந்தக் கிளார்க்கம்மா புண்ணியத்துல."