பிரேக் சுவிட்சின் பேச்சு

ஒரு பேட்டரி பைக்கின் கைப்பிடியில் குட்டி பிரேக் சுவிட்ச் ஒன்று இருந்தது. பிரேக் பிடித்ததும் மோட்டாரிடம் “நில்லுங்கண்ணே” என்று சொல்வதுதான் அதன் வேலை. மோட்டாரும் மறுபேச்சில்லாமல் நின்றுவிடும்.

ஒருநாள் பெய்த மழையில் சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. யாரும் பிரேக்கைத் தொடவில்லை. ஆனாலும் யாரோ அழுத்திப் பிடித்திருப்பது போலவே அதற்கு இருந்தது.

“நில்லுங்கண்ணே.”

“யாரும் பிடிக்கலையேப்பா,” என்றது மோட்டார். “இன்னொருதரம் நல்லாப் பாரு.”

“எனக்குத் தெரியாதா? இத்தனை நாள்ல ஒரு பொய் சொல்லியிருக்கேனா?”

மோட்டார் சரியென்று அசையாமல் நின்றது.

மெக்கானிக் யாக்கோபு ஆக்சிலேட்டரைத் திருகித் திருகிப் பார்த்தார். பின்னால் பிரேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. “மோட்டார் போச்சு,” என்று கழற்றி, பழைய இரும்புக் கூடையில் போட்டார்.

புது மோட்டார் வருவதற்குள் நல்ல வெயில் அடித்தது. சுவிட்சின் ஈரம் காய்ந்தது. அழுத்திப் பிடித்திருந்த அந்தக் கையும் காணாமல் போயிற்று. அப்போதுதான் அதற்கு விளங்கியது.

“அண்ணே,” என்று கூடையைப் பார்த்துக் கூப்பிட்டது. வயர் கழற்றிய மோட்டாருக்கு அது எப்படிக் கேட்கும்?

புது மோட்டார் மாட்டியதும் வண்டி ஜம்மென்று கிளம்பியது. “நான்தான் சொன்னேனே,” என்றார் யாக்கோபு.

“எனக்கு முன்னாடி இருந்தவர் சோம்பேறியோ?” என்று கேட்டது புது மோட்டார்.

“இல்லைங்க,” என்றது சுவிட்ச். “என் பேச்சை நம்பினவரு.”