ருசி எங்கே போச்சு?

"இதெல்லாம் ஒரு சூப்பா? வெந்நீர்ல எலுமிச்சம்பழத்தைக் குளிப்பாட்டி எடுத்த மாதிரி இருக்கு!" கிண்ணத்தைத் தள்ளிவைத்தார் கணவர்.

"மெதுவா பேசுங்க, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள் மனைவி.

"பார்க்கட்டும்! இந்தத் தாய்லாந்து ஹோட்டல் சூப்புக்காக ரெண்டு பஸ் மாறி வந்தவன் நான். இப்ப நூடுல்ஸ்கூட சணல் கயிறாட்டம் இருக்கு. இங்கதான் சாப்பிடணும்னு நீ வேற அடம்பிடிச்சே. கூப்பிடு முதலாளியை!"

கையைத் துடைத்துக்கொண்டே முதலாளி வந்தார்.

"நல்லா இருந்த கடையை ஒரே வருஷத்துல இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்களே! அந்த ருசி எங்கய்யா போச்சு?"

"என்னைக் கேட்டா எப்படி சார்? எங்க சமையல்காரம்மாவைக் கல்யாணம் பண்ணி, 'இனிமே வேலைக்குப் போக வேண்டாம்'னு வீட்டோட உட்கார வச்சது நீங்கதானே?"

பக்கத்து மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மனைவி எழுந்தாள். "அண்ணே, என் ஏப்ரன் இருக்கா?"

"நீ மாட்டிட்டுப் போன ஆணியிலயே தொங்குதும்மா!"

அவள் கணவரைப் பார்த்தாள்.

அவர் அசடு வழிந்தபடி கிண்ணத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"காரம் மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்."