கண்ணில்லாத மீன்

தொப்பென்று ஒரு தண்ணீர்ப் பை மேசைமேல் விழுந்தது. அடையாறில் வண்ணமீன் கடை நடத்தும் ஜெனிதா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே குருபிரசாத் முகம் சிவந்து நின்றிருந்தார்.

"கண்ணில்லாத குகை மீன்னு சொல்லித்தானே கொடுத்தே? இதுக்குக் கண்ணு இருக்கு! ஏமாத்தறதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"பொறக்க சொல்லவே அதுக்குக் கண்ணு கெடையாது சார். இப்ப எங்கேர்ந்து வரும்?"

"நீயே பாரு!"

மயிலாப்பூரில் யார் வீட்டிலும் இல்லாத மீன் வேண்டும் என்று பிடிவாதமாக அதைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். மகள் மேதாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. தினமும் தொட்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "பாவம்ப்பா, அதுக்கு ஒண்ணுமே தெரியாதே" என்று அழுதாள்.

ஜெனிதா வாசலுக்கு வந்து பையை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். வெளிறிய அந்த மீன் திரும்பி அவளைப் பார்த்தது. இப்போது அவளுக்கும் கோபம் வந்தது.

"வேற மீனக் கொண்ணாந்து என் தலையில கட்டப் பாக்கறியா சார்? இது பழுப்புக் கண்ணு. இடது கண்ணுல பச்சையா ஒரு புள்ளி வேற கீது!"

கத்த வாயெடுத்த குருபிரசாத் பையருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். வந்த ஆத்திரத்தில் அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. மேதாவின் இடது கண்ணில் பிறந்ததிலிருந்தே அந்தப் பச்சைப் புள்ளி உண்டு.

அவருடைய போன் அடித்தது. வீட்டிலிருந்து மேதா பேசினாள்.

"அப்பா, வெயில்ல கண்ணு கூசறது. அந்த அக்காவை என்னைக் கீழே வைக்கச் சொல்லு."