நாற்பத்திரண்டாவது ஓட்டு

சோடாவுக்கு ஒரு ஓட்டு விழுந்திருந்தது.

வகுப்பே திரையைப் பார்த்துச் சிரித்தது. ஆசிரியை செந்தமிழ்ச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

கதிர்காமத்தில் ஒரு நர்சிங் கல்லூரி, இரண்டாம் ஆண்டு வகுப்பு. போனை வெளியே எடுத்தாலே பிடுங்கி வைத்துக்கொள்ளும் மேடம், இன்றைக்குத் தானே எல்லாரையும் எடுக்கச் சொல்லியிருந்தாள். திரையில் ஸ்லைடு வரும், அதில் கேள்வி இருக்கும். பிள்ளைகள் போனில் பதிலைத் தொடுவார்கள். யார் எதைத் தொட்டார்கள் என்பது தெரியாது. எதற்கு எத்தனை ஓட்டு என்று மட்டும் பட்டைகள் எழும்.

இது நாலாவது கேள்வி. பக்கத்து வீட்டுக்காரர், வயது ஐம்பத்து நான்கு. நெஞ்சில் பாரம், இடது தோளில் வலி, சட்டை நனையும் அளவுக்கு வேர்வை. முதலில் என்ன செய்வீர்கள்?

நூற்றெட்டைக் கூப்பிடுவது: நாற்பத்தொன்று.

தைலம் தேய்ப்பது: சைபர். பொறுத்துப் பார்ப்பது: சைபர்.

சோடா குடிக்கச் சொல்லிப் படுக்க வைப்பது: ஒன்று.

அந்தக் கடைசிப் பதிலைச் செல்வி சும்மா, பிள்ளைகள் சிரிக்கட்டுமே என்றுதான் வைத்திருந்தாள். ஆனால் கேள்வி சும்மா இல்லை. இதில் தப்பு விடுகிறவள் நாளைக்கு இதய வார்டுக்கு வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ஆளைக் கண்டுபிடிக்க வகுப்புக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கடைசி பெஞ்சு இஃப்ஃபத்தின் அத்தாவுக்கு முத்தியால்பேட்டையில் சோடாக் கடை.

"ஏன்டி, இங்க வந்துமா உங்க அத்தாவுக்கு யாவாரம் புடிக்கற?" என்றாள் வகுப்பு லீடர் சுமலதா.

"சத்தியமா நான் நூத்தியெட்டுதான்டி போட்டேன்!"

இஃப்ஃபத் போனைத் தூக்கிக் காட்டினாள். அதில் 'நன்றி' என்று மட்டும் இருந்தது. எதைப் போட்டோம் என்பதை அது காட்டாது.

யாரோ 'புஸ்ஸ்' என்று சோடா உடைக்கும் சத்தம் கொடுத்தார்கள். சுமலதா நாளைய வார்டு லிஸ்டை விரித்துப் பேனா மூடியைக் கழற்றியே விட்டாள். இஃப்ஃபத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வார்டுக்காக அவள் நேற்றே கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

வகுப்பில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர். சுலோசனா காய்ச்சல் என்று இன்று வரவில்லை. அது ஒருத்திக்கும் நினைவு வரவில்லை.

செல்விக்கு நினைவு வர வேண்டிய தேவையே இல்லை. அந்த ஓட்டு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு பக்கம் மீன்குழம்பு கொதிக்க, சமையல் மேடையிலேயே லேப்டாப்பை வைத்து இந்த ஸ்லைடைச் செய்து முடித்தாள். பட்டை எழுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கணவர் ராஜாங்கத்தைக் கூப்பிட்டாள். சைக்கிள் கடை வைத்திருப்பவர். மூக்குக்கண்ணாடியைத் தேடியே பாதி ஞாயிற்றுக்கிழமையைத் தீர்ப்பவர்.

"என் வயசையே போட்டிருக்க. ஆளை அனுப்பிடறதுன்னு முடிவே பண்ணிட்டியா?" என்றார். "இது வாயு, டீச்சரம்மா. ஒரு சோடாவக் குடுத்துப் படுக்க வை. சரியாப் போயிடும்."

சொல்லிக்கொண்டே தொட்டார்.

பட்டை எழுந்தது. எழுந்துவிட்ட சந்தோஷத்தில் செல்வி கைதட்டினாள். அவருடைய பதிலைத் திருத்த அவளுக்குத் தோன்றவில்லை.

பழைய பதில்களை அழிக்கவா என்று லேப்டாப் இன்று காலையிலும் கேட்டது. வேண்டாம் என்று அமுக்கியவள் அவள்தான்.

சுமலதாவின் பேனா லிஸ்டில் இறங்கியது.

"அடிக்காத," என்றாள் செல்வி. "அது இஃப்ஃபத் இல்ல. எங்க வீட்டுக்காரர் போட்டது. ஸ்லைடு செய்யறப்ப ட்ரையல் பாத்தோம்."

சிரிப்பில் கட்டடம் இடிந்து விழாத குறைதான்.

"மேடம் வீட்டுலயேவா!"

"நாங்க வேணா சாருக்கு டியூஷன் எடுக்கறோம் மேடம். ஃபீஸ் வேணாம்."

"இன்னொரு தடவ போடச் சொல்லுங்க மேடம்," என்றாள் சுமலதா. "பாவம், இப்பத் திருந்தியிருப்பாரு."

இந்த வகுப்புக்குச் செல்வி வந்து பத்து நாள்தான் ஆகிறது. பிள்ளைகளுக்குத் தெரியாது.

ராஜாங்கத்துக்கு அந்தக் கேள்வி இன்னொரு தடவை வந்தது. ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு, செல்வி வகுப்பில் இருந்தபோது, வீட்டில் தனியாக இருந்தவருக்கு. அவர் தன் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை; சோடாவைக் குடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மணியில் பி பிரிவுக்கும் இதே ஸ்லைடுதான். அங்கேயும் பழி சுமக்க ஒருத்தி கிடைப்பாள்.

செல்வி அழிக்கும் பொத்தானை அமுக்கினாள். நாற்பத்தொன்றும் ஒன்றும் சேர்ந்தே தரைக்கு வந்தன.

"எல்லாரும் மறுபடி போடுங்க," என்றாள்.

நூற்றெட்டின் பட்டை மட்டும் எழுந்தது. முப்பது, முப்பத்தெட்டு, நாற்பது. நாற்பத்தொன்றில் நின்றது.

"மேடம், சார் இன்னும் போடல," என்றாள் இஃப்ஃபத். இந்தத் தடவை எல்லாருக்கும் முன்னால் சிரித்தது அவள்தான்.

"போடட்டும்," என்றாள் செல்வி.

மணி அடிக்கும்வரை அவள் அந்தக் கேள்வியை மூடவில்லை.