பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

"ஹம்ஸி, கம்ப்யூட்டர் மேஜையில சரஸ்வதிக்கு என்ன வேலை?"

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த விஸ்வநாத் அப்படியே நின்றான். மானிட்டர் மேல் பட்டுத்துணி. சிபியுவின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கீபோர்டின் மேல் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரில் சாய்ந்தபடி சரஸ்வதி படம். சுற்றிலும் சீரியல் பல்புகள்.

"சரஸ்வதி பூஜைக்கு சரஸ்வதி வராம வேற யாரு வருவாங்க?" என்றாள் ஹம்ஸினி. போலாரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தசரா விடுமுறை என்பதால் ஒரு வாரமாக வீட்டில்தான் இருந்தாள்.

"பூஜை எப்பவும் சமையல் ரூம் பக்கத்துலதானே பண்ணுவோம்?"

"இத்தனை வயரையும் பிடுங்கி அங்கே எடுத்துட்டுப் போக முடியுமா? அதான் சாமியை இங்கே கூட்டிட்டு வந்துட்டேன். நாளைக்குக் காலையில புனர்பூஜை ஆகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

பேகம்பேட் ஆபீசில் விஸ்வநாத்துக்கு 'லினக்ஸ் விசு' என்றே பெயர். வீட்டுக்குள் விண்டோஸைக் காலடி வைக்க விடாதவன். போன வாரம் கேன்டீனில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், விண்டோஸுக்கென்றே செய்த ஒரு கோட்டைச் சண்டை ஆட்டத்தை லினக்ஸில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று கூட வேலை செய்யும் தீபக்கிடம் பந்தயம் கட்டிவிட்டான். விஜயதசமி காலைதான் கெடு. தோற்றால் தன் கையாலேயே வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஏற்ற வேண்டும். அதை ஆபீஸ் முழுக்கப் பார்க்க போட்டோ வேறு. தினமும் சாயங்காலம் முட்டிமோதிப் பார்த்தும் கறுப்புத் திரைதான் மிச்சம்.

"ஹம்ஸி, எனக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்கு. ஒயின் புது வெர்ஷனை சிடியில கொண்டுவந்திருக்கேன். ஒயின்னா என்ன தெரியுமா?"

"தெரியாது, சொல்லுங்க" என்றாள், பத்தாவது தடவையாகக் கேட்பவளின் பொறுமையோடு.

"விண்டோஸ் ஆட்டம் லினக்ஸுக்குள்ள வந்ததும் மிரளும் இல்லையா? 'பயப்படாதே, இதுவும் உன் பொறந்த வீடுதான்'னு அதை நம்ப வைக்கிற சாஃப்ட்வேர். கேட்டதையெல்லாம் அங்கே மாதிரியே எடுத்துக் கொடுக்கும்."

"கல்யாணம் ஆனப்போ எனக்கும் ஒண்ணு இன்ஸ்டால் பண்ணியிருக்கலாம்."

விஸ்வநாத் சாஸ்திரத்தில் இறங்கினான். "பூஜையில வெச்சதைப் படிக்கத்தானே கூடாது? நான் படிக்கவா போறேன், விளையாடத்தானே போறேன்!"

"சாமி முன்னாடி வெட்டு, குத்தா?"

"ஒரே ஒரு தடவை, பவர் பட்டனை மட்டும் அழுத்தி..." அவன் கை சிபியுவை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க!"

அவள் போட்ட கூச்சலில் எதிர் பிளாட் பாமா மாமியே எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியா! நீங்க கொடுத்து வெச்சவர் விசு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"அதை எதுக்கு ஆன்ல வெச்சிருக்கே?"

"சீரியல் பல்பு எரிய வேணாமா?" என்றவள் பல்புகளை அவசரமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் படத்தின் முன் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டாள். "தாயே, கைவிட்டுடாதே. இவ்வளவு தூரம் கொண்டுவந்துட்டே. இன்னும் கொஞ்சம்தான்."

சிறிது நேரத்தில் கரண்ட் வந்தது. ஹம்ஸினியின் கண்கள் கலங்கியிருந்தன. அதைப் பார்த்த விஸ்வநாத்துக்குத் தன்மேலேயே வெட்கமாகப் போய்விட்டது. போயும் போயும் ஒரு ஆட்டத்துக்காக இவள் நம்பிக்கையைக் கெடுப்பதா?

"விடு ஹம்ஸி. தோத்தா தோத்துட்டுப் போறேன். சுண்டல் கொண்டா."

மறுநாள் காலை தீபக் வந்து நின்றான். ஒரு கையில் விண்டோஸ் சிடி, இன்னொரு கையில் கேமரா. மூன்று தலைமுறையாக செகந்திராபாத்வாசி, தமிழில் பாதி உருது கலந்திருக்கும்.

"க்யா விசு, ஆட்டம் ஓடுச்சா? சாக்கு கீக்கு எல்லாம் நக்கோ, வேணவே வேணாம்."

"ஓடலைடா. நேத்து பூஜை, தொடவே முடியலை. தோல்வியை ஒத்துக்கிறேன்." விஸ்வநாத் கையை நீட்டினான். "சிடியைக் கொடு."

"இருங்க, கற்பூரம் காட்டிடறேன்" என்றாள் ஹம்ஸினி.

கற்பூரம் காட்டினாள். பூஜை முடிந்ததற்கு அடையாளமாகப் படத்தைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தினாள். புத்தகங்களை எடுத்தாள், பட்டுத்துணியை மடித்து வைத்தாள். மானிட்டர் பட்டனை மட்டும் அழுத்தினாள்.

திரையில் பாதி எரிந்த ஒரு கோட்டை. மதில்மேல் ஒரு வீரன் வாளை ஓங்கியபடி அசையாமல் நின்றான்.

"அரே! லினக்ஸ்லயா?" தீபக் கேமராவைக் கீழே இறக்கினான்.

விஸ்வநாத் தீபக்கைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். குதித்து முடித்த பிறகுதான் சந்தேகமே வந்தது. "ஹம்ஸி, இது எப்படி... எப்போ?"

"நீங்க ஆபீஸ் போனப்புறம் என் லாகின்ல செட்டிங்கை மாத்தி மாத்திப் பார்த்தேன், ஓட ஆரம்பிச்சு நாலு நாளாச்சு. சொல்லியிருந்தா எனக்கு இந்த நாற்காலி கிடைச்சிருக்குமா?" ஹம்ஸினி சப்பணமிட்டு உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். "ஆனா சேவ் பண்ணினா மட்டும் ஆட்டம் கவுந்துடுது, தினமும் சாயங்காலம் நீங்க வந்து ஆஃப் பண்ணிடறீங்க. நேத்து நீங்க எழுந்திருக்கிறதுக்குள்ள கடைசிக் கோட்டைக்கே வந்து, ஆஃப் பண்ணாம பாஸ்ல வெச்சிருந்தேன், உங்ககிட்டேயிருந்து அதைக் காப்பாத்த சரஸ்வதியை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"