குழியோரத்துக் காய்

அவன் அந்தக் காயை அடிக்கவில்லை.

குழியின் விளிம்பில் நிற்கிறது. அவனுடைய வெள்ளைக் காய். ஊதினாலே விழுந்துவிடும்.

அவன் வலது மூலையில் இருந்த வேறொன்றைக் குறிவைத்தான். கடினமான அடி. தவறியது.

"பவுடர் பத்தல," என்றான்.

வீம்பு என்று நினைத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அண்ணன் இப்படித்தான். தங்கைக்கு எதிரில் சுலபமான காயை அடித்தால் அவன் மானம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகத் தங்கை வீட்டுக்கு வந்துவிடுவான். கேரம் போர்டை ஸ்டூலின்மேல் வைப்பான். பள்ளி வேனின் சாவியை இடது கைப்பக்கம், போர்டின் மரச்சட்டத்தில் வைப்பான். பிறகு வாரம் முழுக்கச் சேர்ந்த எரிச்சலைக் கொட்டத் தொடங்குவான். ஆட்டம் அதற்கு ஒரு சாக்கு.

"இஸ்கூல் வாட்ச்மேன் கீறானே, கேட்ல ஒரு கதவ மட்டும் தொறந்து வச்சிட்டு நிக்கிறான் பேமானி. வேன் உரசிக்கிச்சி. ஓனர் என்னப் புடிச்சி கத்தறான்."

அவள் சிரித்தாள்.

"புதன்கெழம ஒரு ஆட்டோக்காரன். எங்கேர்ந்து வந்தான்னே தெரிலம்மா. தரையிலேர்ந்து மொளச்ச மாதிரி நிக்கிறான். கேட்டா, கண்ண வாடகைக்கு வுட்டுட்டியான்னு என்னியே கேக்குறான்."

அதற்கும் சிரித்தாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லையாம். அண்ணி தட்டில் பொரியலே வைக்கவில்லை, கேட்டால் வைத்தேன் என்று சாதிக்கிறாள். தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாளாம். பார்த்தால் பொரியல் இருக்கிறதாம். அதற்குள் எப்படியோ வைத்துவிட்டாள் என்றான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

நேற்று மைதானத்தில் ஃபுட்பால். ஏரியா பையன்கள் தோற்றுப்போனார்கள்.

"கோலே இல்லம்மா அது. அத்தினி பேரும் கோலு கோலுன்னு கத்துறானுங்க. நானும் அங்கதான் நிக்கிறேன். பந்தே வர்ல. ரெப்ரிய வாங்கிட்டானுங்க."

ஸ்ட்ரைக்கரை அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

அவள் அடித்தாள். அவனுடைய இன்னொரு வெள்ளைக் காய் நகர்ந்து, அதே குழியோரத்தில், முதல் காயின் பக்கத்தில் போய் நின்றது. கைதவறித்தான்.

இரண்டு வெள்ளைக் காய்கள். அவனுக்கு இடப்பக்கம். பழமாகக் கனிந்து நிற்கின்றன.

அவன் போர்டைப் பார்த்தான். குனிந்து ஸ்டூலுக்கு அடியிலும் பார்த்தான்.

"ஏய், என் காயின இன்னாத்துக்கு ஒளிச்சி வச்ச? பிராடு. குடுடி."

அவள் சிரிக்க வாய் திறந்தாள்.

சிரிப்பு வரவில்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ மீன் வறுத்தார்கள். எல்லாம் அப்படியே இருந்தன. அறையின் ஒரு பாதியை மட்டும் யாரோ அவன் முன்னாலிருந்து அழித்துவிட்டிருந்தார்கள்.

"ணா," என்றாள். "அந்தக் கோலு எந்தப் பக்கம் வுழுந்திச்சி?"

"லெப்ட்ல. கொடிக்கம்பத்தாண்டன்னு சொல்றானுங்க. எவன் பாத்தான்?"

லெப்ட்.

சாத்தியிருந்த கேட் கதவு. தரையிலிருந்து முளைத்த ஆட்டோ. தட்டில் இருந்தும் இல்லாத பொரியல்.

எந்தப் பக்கம் என்று இனிக் கேட்கத் தேவையில்லை.

வேனில் குழந்தைகள் ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கக் கதவு வழியாகத்தான். இறங்கிய பிள்ளைகள் உடனே நகர மாட்டார்கள். பை வாரைச் சரிசெய்வார்கள். உருண்டுபோன தண்ணீர் பாட்டிலை எடுக்கச் சக்கரத்தின் அருகே குனிவார்கள். அதே வேனில் போகும் அவளுடைய மகள் மெர்லினும் அப்படித்தான். எப்போதும் கடைசியாக நகர்பவள்.

நாளை திங்கட்கிழமை.

சொன்னால் நம்புவானா? நம்பினால் என்ன ஆவான்? அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை ஸ்டீயரிங் பிடிப்பது. ரிவர்ஸில் முட்டுச்சந்துக்குள் வேனை விடும்போது அவன் முகத்தில் வரும் கர்வத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

ஒருவேளை விளையாடுகிறானோ. அப்படியே இருக்கட்டும். ஏசுவே, விளையாட்டாக இருக்கட்டும்.

"மெர்லினு!" அவன் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினான். "மாமாக்குத் தண்ணி கொண்டாடா கண்ணு!"

மெர்லின் அவனுடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஆட்டம் பார்க்க எப்போதோ வந்துவிட்டாள்.

குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மாமா கண்ணாமூச்சி ஆடுகிறார்.

தங்கையின் கை தானாக நீண்டது.

மறைத்து எடுக்கவில்லை. போர்டுக்கு மேலே, வெளிச்சத்தில், மிக மெதுவாக, அவன் இடப்பக்கத்தை நோக்கி. வளையல்களை மட்டும் ஒலிக்காதபடி மற்றக் கையால் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

பார், அண்ணா. என் மணிக்கட்டைப் பிடி. ஏண்டி சாவிய எடுக்கறன்னு கேள். தலையில் குட்டு.

விரல்கள் சாவியைத் தொட்டன. மூடின. தூக்கின.

மெர்லின் சிரிப்பை நிறுத்தினாள். மாமாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

அவள் மகளைப் பார்த்துத் தலையசைத்தாள். பேசாதே.

அவன் போர்டையே பார்த்துக்கொண்டு ஒரு சிட்டிகை பவுடர் தூவினான். உள்ளங்கையால் பரவலாகத் தேய்த்தான், வலது பாதியை மட்டும்.

"ம், உன் சான்ஸ்," என்றான். "இன்னாம்மா மொறைக்கிற? அடி."